படுத்த படுக்கையாய் ஒரு டிஸ்க்

ஞாயிற்றுக்கிழமை பார்த்துத்தான் டீச்சருக்கு வலி வந்தது. பள்ளிக்கூட நாளில் வர அந்த வலிக்கே தைரியம் இருந்திருக்காது என்று அவர் கணவர் நினைத்துக்கொண்டார். டீச்சர், உடற்பயிற்சி டீச்சர். மைதானத்தின் இந்த மூலையில் நின்று ஓர் அதட்டல் போட்டால் அந்த மூலையில் ஓடுகிற பிள்ளை அப்படியே நின்றுவிடும். அப்பேர்ப்பட்டவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சமையலறைத் தரையில் சுருண்டு கிடந்ததைப் பார்த்ததும் கணவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கணவர் பெயர்ப்பலகை செய்கிறவர். கடைப் பலகை, வீட்டு நம்பர்ப் பலகை, ‘நாய்கள் ஜாக்கிரதை’, ‘இங்கே வண்டி நிறுத்தாதீர்’ எல்லாம் அவர் கைவண்ணம். தெருவில் எல்லோருக்கும் அவர் போர்டுக்காரர். ஊருக்கெல்லாம் எச்சரிக்கை எழுதிக் கொடுத்தாரே தவிர, சொந்த வாழ்க்கையில் அவர் யாரையும் எச்சரித்ததில்லை. அந்த இலாகா முழுவதும் டீச்சர் கையில் இருந்தது.

எப்படியோ ஆட்டோ பிடித்து ஸ்கேன் சென்டருக்குப் போனார்கள். அங்கிருந்தவர் திரையைப் பார்த்துவிட்டு, “சிறுநீரகக் கல்லு. கீழ வர்ற குழாய்ல வந்து மாட்டிக்கிச்சு. மிளகு அளவுதான் இருக்கும்” என்றார்.

“மிளகா? எனக்கு அம்மிக்கல்லு மாதிரி இருக்கு” என்றார் டீச்சர்.

“படத்தை எதுல போட்டுத் தரட்டும்? இப்பல்லாம் யாரும் சி.டி. வெச்சுக்கிறதில்ல.”

போர்டுக்காரர் பையிலிருந்து தன் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக் கொடுத்தார். கறுப்பாக, சோப்புப் பெட்டி அளவில் இருக்கும். அவர் செய்த பலகைகளின் டிசைன் அத்தனையும் அதில்தான் இருந்தது. சென்டர்காரர் படங்களை அதில் ஏற்றிக் கொடுத்து, “பெரிய ஆஸ்பத்திரில காட்டுங்க, ஒரே நாள்ல எடுத்து விட்டுருவாங்க” என்றார். நல்ல மனிதர். அவருக்கு உலகம் தெரியவில்லை.

மறுநாள் காலையில் பெரிய ஆஸ்பத்திரியில் டீச்சருக்கு ஜன்னலோரமாக ஒரு படுக்கை கிடைத்தது. சிறுநீரக டாக்டர் வந்தார். இளவயதுக்காரர், முகத்தில் தூக்கம் பாக்கி இருந்தது.

“கல்லு எந்த இடத்துல நிக்குதுன்னு ஒரு தடவை பார்த்துட்டா போதும். மத்தியானமே குழாய் விட்டு எடுத்துடலாம். நாளைக்கு வீட்டுக்குப் போயிடலாம். ஸ்கேன் எங்க?”

போர்டுக்காரர் உற்சாகமாக டிஸ்க்கை எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குப் பின்னாலேயே போனார். கம்ப்யூட்டர் பக்கத்தில் குனிந்து வயரைச் செருகப் போனவரை, டாக்டர் பாய்ந்து தடுத்தார். துளையின் மேல் உள்ளங்கையை வைத்துப் பொத்திக்கொண்டார்.

“செருகிடாதீங்க! என் வேலை போயிடும்!”

“ஸ்கேன் இதுலதான் இருக்கு டாக்டர்.”

“அது எனக்கும் புரியுது. போன வருஷம் யாரோ ஒரு புது மாப்பிள்ளை, போனை சார்ஜ் போடறேன்னு இதுல செருகிட்டார். அரை நாள் மொத்த ஆஸ்பத்திரியும் அவரோட தேனிலவு போட்டோவைத்தான் பார்த்துட்டிருந்துச்சு. அதுக்கப்புறம் இதுக்குன்னே ஒரு பிரிவு ஆரம்பிச்சுட்டாங்க. கீழ்த்தளத்துல இருக்கு. அவங்க ஏத்தி விட்டாத்தான் என் கம்ப்யூட்டர்ல தெரியும்.”

“அப்ப இங்கேயே இன்னொரு ஸ்கேன் எடுத்துட முடியாதுங்களா?”

“தாராளமா எடுக்கலாம். பழைய ஸ்கேன் படிக்க முடியாத நிலையில இருந்தா எடுக்கலாம்.”

“இது படிக்க முடியாத நிலைதானே டாக்டர்?”

“அதைப் படிச்சுப் பார்த்தாத்தானே சொல்ல முடியும்” என்று டாக்டர் வருத்தத்தோடு சொன்னார்.

போர்டுக்காரர் கீழ்த்தளத்துக்கு இறங்கினார். ‘வெளிச்சாதன வரவேற்பு மற்றும் ஏற்புப் பிரிவு’ என்று பித்தளை எழுத்தில் பலகை வைத்திருந்தார்கள். ‘வரவேற்பு’வில் ஒரு புள்ளி உதிர்ந்து போயிருந்தது, தொழில்காரர் கண்ணுக்கு அதுதான் முதலில் பட்டது. உள்ளே குளுகுளுவென்று இருந்தது. வரிசையாக மெத்தை நாற்காலிகள். அவற்றில் மனிதர் யாரும் இல்லை. ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு பென் டிரைவோ, ஒரு டிஸ்க்கோ உட்கார்ந்திருந்தது. சொந்தக்காரர்கள் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தார்.

பிரிவின் தலைவரை எல்லோரும் மவுண்ட் சார் என்றார்கள். டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கு அவர்கள் பாஷையில் மவுண்ட் என்று பெயர். அதைச் செய்வதோ செய்யாமல் இருப்பதோ அவர் கையில் இருந்ததால் அந்தப் பட்டம். இஸ்திரி கலையாத சட்டை, கழுத்தில் மூன்று அடையாள அட்டை. போர்டுக்காரர் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை கண்ணை மூடிக் கேட்டார்.

“உங்க மேல தப்பில்ல. பொதுஜனங்க எல்லாருமே இப்படித்தான் நினைக்கிறாங்க. டிஸ்க்கைச் செருகினா முடிஞ்சுதுன்னு. செருகுறது வேற சார். ஏத்துறது வேற. ஏத்துக்கிறது வேற. உங்க வீட்டுக்கு ஒரு ஆள் வர்றார். வாசல்ல வந்து நிக்கிறார் பாருங்க, அது செருகல். கூடத்துல உக்கார வைக்கிறீங்க, அது ஏற்றல். சாப்பிடுறீங்களான்னு கேக்குறீங்க, அது ஏற்பு. இந்தப் பிரிவு ஆரம்பிச்ச நாள்லேருந்து நாங்க ஒருத்தரையும் சாப்பிடுறீங்களான்னு கேட்டதில்ல. அவ்வளவு பாதுகாப்பு!”

“ரொம்ப சந்தோஷம் சார். என் வீட்டுக்காரம்மா வலியில துடிக்கிறாங்க.”

“துடிப்பாங்க. முதல்ல உங்க டிஸ்க்குக்கு ஒரு எழுத்து வேணும். கம்ப்யூட்டர்ல ஏறுற ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு இங்கிலீஷ் எழுத்து உண்டு. உங்க வீட்டுல அது பாட்டுக்கு ‘இ’ன்னோ ‘எஃப்’ன்னோ எடுத்துக்கும். கேள்வி கேக்க நாதியில்லாத இடம். இங்க எல்லா எழுத்தையும் பதவி வாரியாப் பிரிச்சுக் கொடுத்தாச்சு. ‘டி’ டைரக்டருக்கு. ‘எம்’ எனக்கு. ‘எக்ஸ்’ எக்ஸ்ரேக்காரங்களுக்கு, அது நியாயம்தானே? ‘இசட்’ கேன்டீனுக்கு. அவங்க சண்டை போட்டு வாங்கினது.”

“ஒரு எழுத்துகூடவா காலி இல்ல?”

“‘ஜி’ காலியாத்தான் இருக்கு. ஆனா டைரக்டர் பின்னால பெரிசா ஒரு டிஸ்க் வாங்கினாலும் வாங்குவார். அதுக்கு ஒதுக்கி வெச்சிருக்கு.”

போர்டுக்காரருக்கு மனம் தாங்கவில்லை. “எழுத்துதானே சார் பிரச்சினை? நான் போர்டு செய்யறவன். எந்த எழுத்து வேணும்னு சொல்லுங்க, சாயந்திரத்துக்குள்ள செஞ்சு தந்துடறேன்.”

மவுண்ட் சார் அவரைக் கொஞ்ச நேரம் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஒரு வழி இருக்கு. எழுத்து இல்லாதவங்க நம்பர்ல ஏறலாம்” என்றார்.

“நம்பர் கொடுங்க சார், புண்ணியமாப் போகும்.”

“நம்பர் நான் தர முடியாது. இந்த ஆஸ்பத்திரில நம்பர் நோயாளிங்களுக்கு மட்டும்தான். உங்க டிஸ்க்கை அட்மிட் பண்ணிடுங்க.”

வரவேற்பு மேசையில் இருந்த பெண் நல்ல மாதிரி. சிரிக்காமல் கேட்டார்.

“நோயாளி பேரு?”

“டிஸ்க்.”

“வயசு?”

“வாங்கி நாலு வருஷம் ஆகுதும்மா.”

“ஆணா, பெண்ணா?”

போர்டுக்காரர் டிஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கம்ப்யூட்டர் காலியா விட மாட்டேங்குது சார்.”

“ஆண்னே போட்டுக்கம்மா.”

“உங்களுக்கு என்ன வேணும்?”

“சீக்கிரமா டாக்டர் ஸ்கேனைப் பார்க்கணும், அவ்வளவுதான் வேணும்.”

“அதைக் கேக்கல சார். டிஸ்க் உங்களுக்கு என்ன வேணும்? என்ன உறவு? மகன், மகள், அப்பா, அம்மா, மனைவி, மச்சான். இதுல ஏதாவது ஒண்ணைத்தான் அமுக்க முடியும்.”

மச்சான் என்று போடலாமா என்று ஒரு கணம் யோசித்தார். டீச்சருக்கு நிஜமாகவே ஒரு தம்பி இருந்தான். நாளைக்கு அவன் காதுக்குப் போனால் வீட்டில் ரகளையாகிவிடும். “மகன்” என்றார். வெளியூர்க் கல்லூரியில் படிக்கிற மகளுக்கு இப்படியாக ஒரு தம்பி கிடைத்தான்.

அந்தப் பெண் டிஸ்க்கின் வயரைச் சுற்றி ஒரு நம்பர்ப் பட்டையைக் கட்டினார். பிறகு திரையைப் பார்த்து முகம் சுளித்தார். அன்றைக்குப் படுக்கை எதுவும் காலி இல்லை. ஆனால் ஒரே குடும்பத்தில் இருவர் நோயாளிகளாக இருந்து, ஒருவருக்கு இன்னும் சிகிச்சை ஆரம்பிக்கவில்லை என்றால், அவர் படுக்கையை மற்றவருக்குக் கொடுக்கலாம் என்று விதி இருந்தது. டீச்சருக்குச் சிகிச்சை ஆரம்பிக்கவில்லை, ஏனென்றால் ஸ்கேனைப் பார்க்கவில்லை. ஸ்கேனைப் பார்க்காததற்குக் காரணம், டிஸ்க்குக்குப் படுக்கை இல்லை. டிஸ்க்கைத் தள்ளுவண்டியில் வைத்து லிஃப்டில் முன்னால் அனுப்பிவிட்டார்கள்.

போர்டுக்காரர் வார்டுக்குத் திரும்பி வந்தபோது, டீச்சர் படுக்கையை விட்டு இறங்கி, இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். படுக்கையில், வெள்ளை விரிப்பின் நட்டநடுவில், தலையணைமேல் டிஸ்க் இருந்தது. நர்ஸ் அதன் கழுத்துவரை போர்வையைப் போர்த்திவிட்டுக்கொண்டிருந்தார். மவுண்ட் சார் பிரிவின் சக்கரம் வைத்த கம்ப்யூட்டர் ஒன்று கட்டிலோரமாக நின்றது. டிஸ்க்கின் வயர் அதில் ஏறியிருந்தது.

“என்னங்க இது? என் படுக்கையில இந்த டப்பா படுத்திருக்கு?”

“நம்ம மகன்” என்றார் போர்டுக்காரர், வாய் தவறி.

“நான் சொல்லல மேடம், சிஸ்டம் சொல்லுது” என்று நர்ஸ் கெஞ்சினார். பிறகு டிஸ்க்கின்மேல் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, “உடம்பு லேசா சுடுது” என்று சொல்லிக் கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். ஓடுகிற டிஸ்க் சுடத்தான் செய்யும் என்று போர்டுக்காரர் சொல்லிப் பார்த்தார். காய்ச்சல் என்று பதிவாகிவிட்டது. காய்ச்சல் இறங்கும்வரை டிஸ்க்கைத் தொந்தரவு செய்யக் கூடாது என்றார்கள். மின்விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்தார்கள். டீச்சருக்கு வியர்த்து ஊற்றியது.

மத்தியானம் ஆபரேஷன் நேரம் வந்தது, போனது. டாக்டர் வந்து, “இன்னிக்கு நடக்காது போல இருக்கு” என்றார்.

“அப்ப தண்ணி குடிக்கலாமா?” என்றார் டீச்சர். ஆபரேஷன் என்று சொல்லி காலையிலிருந்தே அவரைப் பட்டினி போட்டிருந்தார்கள்.

“இனிமே நாளைக்குத்தானே. தாராளமா குடிங்க.”

டீச்சர் வராந்தாவில் இருந்த தண்ணீர்க் குழாயை நோக்கிப் போனார். மைதானத்தில் வெயிலில் நின்று பழகியவர். அவர் தண்ணீர் குடிக்கிறார் என்றால் அது ஒரு காட்சி.

அதே சமயத்தில் போர்டுக்காரரைக் கீழ்த்தளத்துக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. டிஸ்க்கை அங்கிருந்தே சோதனை போட்டுக்கொண்டிருந்த மவுண்ட் சாரின் முகம் இறுகியிருந்தது. பக்கத்தில் காவலாளி ஒருவர் நின்றார்.

“‘அத்துமீறி நுழைபவர் தண்டிக்கப்படுவர்.’ இது யாருக்கு எழுதினது?”

“ஒரு மாந்தோப்புக்காரருக்கு சார்.”

“‘உள்ளே நாய் இருக்கிறது.’ எதுக்குள்ள? எங்க சர்வருக்குள்ளயா?”

“அது ஒரு வக்கீல் வீட்டுக்கு.”

“‘அபாயம். தொட்டால் மரணம்.’ நீங்க சிரிக்காதீங்க. என் கீழ வேலை செய்யறவங்க இதைப் பார்த்துட்டு மவுஸைத் தொட மாட்டேங்கிறாங்க. ரெண்டு பேரு லீவு போட்டுட்டாங்க.”

தான் சிரிக்கவே இல்லை என்று போர்டுக்காரர் சொன்னார். உண்மையும் அதுதான். தன் தொழிலை விளக்கினார். எந்த மரத்தில், எந்தச் சாயத்தில், எந்த அளவு எழுத்தில் என்று விவரமாகச் சொன்னார். மவுண்ட் சாரின் முகம் மெல்ல மலர்ந்தது. காவலாளியை வெளியே அனுப்பிவிட்டு, முன்னால் சாய்ந்தார்.

“‘அத்துமீறி நுழைபவர்’ போர்டு நல்லாயிருக்கு. நமக்கு ஒண்ணு செஞ்சு தர முடியுமா? ‘தண்டிக்கப்படுவர்’ங்கிறது மட்டும் சிவப்பா, கொஞ்சம் பெரிசா. இந்தப் பிரிவுக்கு மரியாதை பத்தல சார். ஆபரேஷன் பண்றவங்களைத்தான் கும்பிடறாங்க. ஆபரேஷனை நிறுத்தி வைக்கிறவங்களை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கறதில்ல.”

இவ்வளவு மனம்விட்டுப் பேசிய பிறகு டிஸ்க் ஏறிவிடும் என்று போர்டுக்காரர் நம்பினார். ஏறியும் விட்டது. ஆனால் டாக்டரால் திறக்க முடியவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் டாக்டர்களுக்கு எழுதும் உரிமை மட்டும்தான் இருந்தது. மருந்துச் சீட்டு எழுதுகிறவர்கள் என்பதால். படிக்கும் உரிமை கேட்டு அவர்கள் மனுக் கொடுத்து ரொம்ப நாளாகிறதாம். டைரக்டர் கையெழுத்துப் போட்டால் ஒரே ஒரு டிஸ்க்கை, ஒரே ஒரு தடவை, படிக்க விடுவார்கள். டிஸ்க்கின் உறவினர் நேரில் போய்க் கேட்க வேண்டும். டைரக்டர் அறை உச்சி மாடியில்.

“நானும் வர்றேன்” என்றார் டீச்சர். “உங்களை விட்டா, கையெழுத்து வாங்கப் போய் அவங்களுக்கு போர்டு எழுதிக் கொடுத்துட்டு வருவீங்க.”

லிஃப்ட்காரர் இருவரையும் மறித்தார். லிஃப்ட் நோயாளிகளுக்கு மட்டும். டீச்சர் தன் கைப்பட்டையைக் காட்டினார். படுக்கை இல்லாதவர் நோயாளி ஆக மாட்டார் என்று லிஃப்ட்காரர் தெளிவாகச் சொன்னார். டிஸ்க் வந்தால் ஏற்றிக்கொள்வதாகவும் சொன்னார்.

“வாங்க, படியில ஏறலாம்” என்றார் டீச்சர். வலி விட்டு விட்டு வந்தது. வந்தபோது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தார். விட்டபோது, ஆத்திரத்தில், படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினார். ஒவ்வொரு மாடியிலும் நின்று தண்ணீர் குடித்தார். போர்டுக்காரருக்கு நாக்கு தள்ளியது.

டைரக்டர் அறையில் கால் புதைகிற கம்பளம். டைரக்டர் எழுந்து வந்து போர்டுக்காரரின் கையைப் பற்றிக்கொண்டார்.

“பையனுக்கு இப்ப எப்படி இருக்கு?”

“காய்ச்சல் குறைஞ்சிருக்கு சார்” என்றார் போர்டுக்காரர். அவருக்கே அது சகஜமாக வர ஆரம்பித்திருந்தது.

“கவலைப்படாதீங்க. இந்த ஆஸ்பத்திரிக்குள்ள இதுவரைக்கும் ஒரு வைரஸ்கூட நுழைஞ்சதில்ல. கம்ப்யூட்டர் வைரஸைச் சொல்றேன். மத்ததெல்லாம் வரும் போகும், அது சுகாதாரப் பிரிவு சமாச்சாரம். போன மாசம் நோயாளிங்களோட உறவினர்கள் வந்து புகார் பண்ணாங்க, ஆபரேஷன் எண்ணிக்கை பாதியாயிடுச்சுன்னு. நான் கேட்டேன், அதனால பாதுகாப்பு கூடியிருக்கா இல்லையா? ஆபரேஷன் பண்ணாத ஒரு நோயாளிகூட ஆபரேஷன்ல சாகல!”

அவர் கையெழுத்துப் போடும் வரை டீச்சர் நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டு, உதட்டை மடித்து உட்கார்ந்திருந்தார். போர்டுக்காரருக்கு அந்த முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. வலியைவிட, அவர் பேசாமல் இருப்பதுதான் பயமாக இருந்தது.

கையெழுத்தோடு இறங்கினார்கள். டாக்டர் ஒரே ஒரு தடவைதான் படிக்கலாம் என்பதால், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மூச்சை அடக்கி ஒரு கோப்பைத் திறந்தார். திரையில் மஞ்சள் பின்னணியில் பெரிய கறுப்பு எழுத்துகள் வந்தன.

‘முன்னால் வழி அடைபட்டுள்ளது. மெதுவாகச் செல்லவும்.’

டாக்டர் நெடுநேரம் அதைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையாட்டினார். “ரிப்போர்ட் ரொம்பத் தெளிவா எழுதியிருக்காங்க. நான் நினைச்சதும் இதேதான்.”

“அது நெடுஞ்சாலைக்குச் செஞ்ச போர்டு டாக்டர்! ஸ்கேன் பக்கத்து ஃபோல்டர்ல இருக்கு!”

ஆனால் ஒரு தடவை முடிந்துவிட்டது. மறுபடி படிக்க வேண்டுமானால் டிஸ்க்கைப் பத்திரமாக இறக்கி, மறுபடி ஏற்ற வேண்டும். இறக்கச் சொல்லி மவுண்ட் சாரிடம் போனார்கள். அவர் ஒரு பொத்தானை அமுக்கினார். ‘சாதனம் பயன்பாட்டில் உள்ளது, இறக்க இயலாது’ என்றது திரை.

“யாரு பயன்படுத்துறாங்க?” என்றார் டீச்சர்.

மவுண்ட் சார் தேடிப் பார்த்தார். “எங்க சோதனை புரோகிராம்தான். டாக்டர் படிச்சு முடிக்கட்டும்னு காத்திருக்கு.”

“டாக்டர்?”

“அவரு சோதனை முடியட்டும்னு காத்திருக்கார்.”

“ரெண்டு பேரும் எதிரெதிர்ல நின்னுக்கிட்டு நீ போ, நீ போன்னு மரியாதை பண்ணிக்கிறாங்க. அதானே?”

“அம்மா சரியாப் பிடிச்சுட்டாங்க” என்றார் மவுண்ட் சார், மெய்யான வியப்போடு. “இதைத்தான் நான் புதுசா வேலைக்கு வர்றவங்களுக்கு மூணு மாசம் சொல்லிக் கொடுக்கிறேன்.” இதைத் தீர்க்க இன்னொரு கையெழுத்து வேண்டுமாம். உச்சி மாடியில்.

அப்படி எத்தனை முறை ஏறி இறங்கினார்கள் என்று போர்டுக்காரருக்குக் கணக்குத் தெரியாது. டைரக்டர் ஒரு தடவை மீட்டிங்கில் இருந்தார். ஒரு தடவை பேனாவில் மை இல்லை. ஒரு தடவை கையெழுத்துப் போட்டது பழைய தேதியில். டீச்சர் ஒவ்வொரு தடவையும் கூடவே வந்தார். நடுவில் ஒரு மாடியில் வலி பொறுக்க முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டு, “எனக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா...” என்று ஆரம்பித்தார். டீச்சர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையைப் போர்டுக்காரர் கேட்டதே இல்லை.

“அப்படியெல்லாம் பேசாத. நான் போய் அவங்ககிட்ட சத்தம் போடறேன், பாரு.”

“நீங்களா?” என்று கேட்டு, அந்த வலியிலும் டீச்சர் சிரித்துவிட்டார். சிரிப்போடு சிரிப்பாக இன்னொரு டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டு, பக்கத்திலிருந்த கழிப்பறைக்குள் போனார்.

போர்டுக்காரர் வெளியே நின்றார். உள்ளேயிருந்து ஓர் அலறல் கேட்டது. அவர் கதவைத் தட்டினார். பதில் இல்லை. மறுபடி தட்டினார். கதவு திறந்தது. டீச்சர் முகமெல்லாம் வியர்வையாக, கண்ணெல்லாம் நீராக, ஆனால் நிமிர்ந்து நின்றார். கையில் ஒரு காகித டம்ளர். அதன் அடியில் மிளகு அளவில் பழுப்பாக ஒன்று கிடந்தது.

“வந்துருச்சுங்க” என்றார் டீச்சர். “நாம உள்ள செருகினதுதான் வெளிய வர மாட்டேங்குது. உள்ள மாட்டிக்கிட்டது வந்துருச்சு.”

போர்டுக்காரர் அங்கேயே, வராந்தாவில், நாலு பேர் பார்க்க, மனைவியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து பொது இடத்தில் அவர் செய்த முதல் அத்துமீறல் அது.

செய்தி பரவியது. டாக்டர் டம்ளரைப் பார்த்து மனதார மகிழ்ந்தார். “இவ்வளவு தண்ணி, இவ்வளவு படி. இந்த அளவுக் கல்லு சில சமயம் இப்படி வந்துடும்” என்றார். மவுண்ட் சார் ஓடி வந்தவர் டம்ளரைப் பார்த்ததும் வெளிறிப்போனார். “எந்த அனுமதியில வெளிய வந்துச்சு? பாதுகாப்பா இறக்கினீங்களா, இல்ல அப்படியே உருவிட்டீங்களா?”

டைரக்டர் மட்டும் நிலைமையைச் சட்டென்று புரிந்துகொண்டார். லிஃப்ட்காரரிடம் தன்னையும் நோயாளி என்று சொல்லி லிஃப்டில் இறங்கி வார்டுக்கே வந்து, ஊழியர்களைச் சுற்றி நிற்கவைத்து, தொண்டையைச் செருமினார்.

“நம்ம நடைமுறைகளை எத்தனை பேர் கேலி பண்ணாங்க! இன்னிக்கு என்ன ஆச்சு? கத்தி இல்ல, மயக்க மருந்து இல்ல, டாக்டரே இல்ல. வெறும் நடைமுறையாலயே ஒரு கல்லை வெளிய எடுத்திருக்கோம். இந்த அம்மாவை லிஃப்ட்ல விட்டிருந்தா இது நடந்திருக்குமா? முதல் தடவையே நான் சரியான தேதி போட்டிருந்தா நடந்திருக்குமா? அடுத்த மாசத்துலேருந்து எலும்பு முறிவுக்கும் இதையே முயற்சி பண்ணப் போறோம்.”

கைதட்டல் எழுந்தது. டீச்சர் கைதட்டவில்லை. நேராகப் படுக்கைக்குப் போனார், போர்வையை விலக்கினார், வயரைப் பிடித்து டிஸ்க்கை வெடுக்கென்று உருவினார்.

“ஐயோ!” என்றார் மவுண்ட் சார். பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஒருவர் கட்டிலுக்குப் பின்னால் குனிந்துவிட்டார்.

ஒன்றும் ஆகவில்லை. விளக்கு எரிந்தது, மின்விசிறி சுற்றியது. கட்டிலோரக் கம்ப்யூட்டர் மட்டும் மெல்லியதாக ஒரு நீண்ட ஒலி எழுப்பியது. நர்ஸ் திரையைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

“நோயாளி இறந்துட்டார்னு காட்டுது.”

டாக்டர் பழக்கதோஷத்தில் டிஸ்க்கின்மேல் இரண்டு விரலை வைத்துப் பார்த்தார். “மறுபடி செருகிப் பார்க்கலாமா?” என்று கம்மிய குரலில் கேட்டார் மவுண்ட் சார்.

“இறந்தவங்களைத் திரும்ப அட்மிட் பண்ண விதி இல்ல” என்றார் டைரக்டர். போர்டுக்காரர் பக்கம் திரும்பி, தோளில் கை வைத்தார். “எங்களால முடிஞ்சதெல்லாம் செஞ்சோம். நாலு வயசுன்னு கேள்விப்பட்டேன். மனசைத் தேத்திக்கணும்.”

இப்போது வீட்டுக்குப் போகலாமா என்று போர்டுக்காரர் கேட்டார். போகலாம். ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் இறந்தவரைக் கையில் தூக்கிக்கொண்டு முன்வாசல் வழியாகப் போக விட மாட்டார்கள். பின்வாசலில் அமரர் ஊர்தி தயாராக நின்றது. உறவினர்கள் உடன் போகலாம். ஆஸ்பத்திரியின் இலவச சேவை.

“ஏறுங்க” என்றார் டீச்சர். “இன்னிக்கு இந்த ஒண்ணாவது உருப்படியாக் கொடுக்கிறாங்க.”

டிஸ்க்கைப் பின்னால் நீளப் பலகைமேல் வைத்தார்கள். இருவரும் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். சாயங்கால நெரிசல். ஆனால் அந்த வண்டியைப் பார்த்ததும் பஸ்ஸெல்லாம் ஒதுங்கி வழிவிட்டது. சிக்னலில் ஒரு போலீஸ்காரர் மற்ற வண்டிகளை நிறுத்தி, தொப்பியைக் கழற்றி நின்றார். டீச்சர் அவருக்குக் கையசைத்தார். அவர் தொப்பியைக் கீழே போட்டுவிட்டார்.

டீச்சர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனது தெரு முழுவதும் தெரிந்த விஷயம். வண்டி முனை திரும்பும்போதே யாரோ பார்த்துவிட்டார்கள். எதிர்வீட்டு அம்மா தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார். அயர்ன்காரர் பெட்டியை அப்படியே வைத்துவிட்டு வந்தார். யாருடைய சட்டையோ கருகுகிற வாசனை வந்தது. “என்ன ஒரு மனுஷி! நேத்துக்கூட என்னைத் திட்டினாங்களே!” என்று பக்கத்து மாடிக்காரர் விம்மினார்.

முன்கதவைத் திறந்துகொண்டு டீச்சர் இறங்கினார்.

“என்ன கூட்டம் இங்க? யாருக்கு என்ன ஆச்சு?”

எதிர்வீட்டு அம்மா அடித்த கையைத் தலையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். போர்டுக்காரர் பின்னால் போய், டிஸ்க்கை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, எல்லாரும் போங்க” என்று சொன்னார். குரல் கொஞ்சம் உரக்கவே வந்தது. கூட்டம் உண்மையிலேயே கலைந்தது. அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

டிரைவர் மட்டும் போகவில்லை. வண்டியை அணைத்துவிட்டு இறங்கி, கேட்டைத் திறந்துகொண்டு தன் காலால் நடந்து உள்ளே போகிற டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏதாவது கையெழுத்து போடணுமாப்பா?” என்று போர்டுக்காரர் பயத்தோடு கேட்டார்.

“அதெல்லாம் ஒண்ணும் வேணாம் சார்” என்றார் டிரைவர். “இத்தனை வருஷமா இந்த வண்டி ஓட்டறேன். கொண்டுவந்து விட்ட வீட்டுல ஒருத்தர் இறங்கி நடந்து போறதை இன்னிக்குத்தான் பார்க்கிறேன். அம்மா உள்ள போய் விளக்குப் போடற வரைக்கும் நின்னுட்டுப் போறேன்.”

உள்ளே விளக்கு எரிந்தது.

“என்னங்க, அவரை உள்ள கூப்பிடுங்க! சாப்பிடுறாரான்னு கேளுங்க!” என்று டீச்சரின் குரல் தெருமுனை வரை கேட்டது.